சாவா மூவாப் பேராடு

குடுமியான்மலை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?

சங்கீதம் பயின்ற சகோதரியானால், "இசைக் கல்வெட்டு இருக்கும் ஊர் அல்லவா?" என்பீர்கள். கதை கேட்பதில் ஆசை உள்ளவரானால், காதலி சூடிய மாலையை ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்து அகப்பட்டுக் கொண்ட அர்ச்சகரின் கதை ஞாபகம் வரும். மாலையில் தலைமுடி ஒட்டியிருப்பதைக் கண்டு ராஜா முகம் சுளிக்க, "சுவாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா!" என்று அர்ச்சகர் துணிந்து அளந்துவிட்டாராம். சுவாமி என்ன செய்வார், பாவம்! பக்தனைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல் உண்மையிலேயே குடுமி வைத்துக் கொண்டாராம். சிகாநாதர் என்ற பெயருக்கு அங்கே சொல்லும் காரணம் இதுதான்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள அந்த மலைக்கு நான் உங்களை அழைத்துப் போவது சங்கீதத்துக்காகவும் அல்ல, குடுமிக்காகவும் அல்ல. கணக்குப் பார்க்க!

கணக்கா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தக் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு என்றால் ராஜாக்களின் புகழ் மாலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மெய்க்கீர்த்தியைத் தள்ளிவிட்டு மேலே படித்தால், தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வீட்டுச் செலவுப் புத்தகம் மாதிரிதான் இருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், அதை வைத்து யார் என்ன செய்ய வேண்டும் - எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கும். பெண்களும் இந்தக் கணக்கில் நிறைய உண்டு. குடுமியான்மலையிலேயே ஓர் அம்மன் சந்நிதி, கோயிலைச் சேர்ந்த ஓர் ஆடல் மகளின் கொடை.

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு ஏற்ற வேண்டுமென்றால் என்ன செய்வார்கள், தெரியுமா? தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஆடுகளை ஓர் இடையர் ஏற்றுக் கொள்வார். நாள் தவறாமல் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டியது அவர் பொறுப்பு. கிழ ஆடு செத்துப் போகும், குட்டி பிறக்கும், மந்தை மட்டும் குறையக் கூடாது. அந்த மந்தைக்கு நம் முன்னோர் வைத்த பெயர்தான் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு! பொன்னாகக் கொடுத்தாலும் இதே ஏற்பாடுதான். முதலைத் தொடக் கூடாது; பொலிசையில், அதாவது வட்டியில், தர்மம் நடக்க வேண்டும்.

இந்தக் காலத்து உபயம் எப்படி என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கோயிலில் ஒரு டியூப் லைட். அதன் மேல் உபயதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கடை விலாசம் எல்லாம் எழுதி, வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் போயிருக்கும். பல்பு தீர்ந்த அன்று தர்மமும் தீர்ந்தது.

ஆட்டு மந்தைத் தர்மத்தை மேல்நாட்டார் படிப்புக்குச் செய்தார்கள். ஒரு பெருந்தொகையைப் பல்கலைக் கழகத்திடம் கொடுத்துவிடுவது. அது என்றைக்கும் அங்கேயே இருக்கும். அதிலிருந்து வரும் வருமானத்தில் ஒரு பேராசிரியருக்குச் சம்பளமும் ஆராய்ச்சிக்குப் பணமும் நடக்கும். ஒருவர் ஓய்வு பெற்றால் இன்னொருவர் வருவார். பதவி மட்டும் சாவதில்லை, மூப்பதில்லை. இதற்கு 'இருக்கை' என்று பெயர். 1502-ல் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இப்படி இருக்கைகளை ஏற்படுத்தியவர் ஒரு பெண்மணி. மார்கரெட் போஃபோர்ட் சீமாட்டி. பதின்மூன்று வயதில், விதவையாக, ஒரே ஒரு பிள்ளையைப் பெற்றவர். அந்தப் பிள்ளைதான் பின்னால் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி அரசர். அதற்குப் பின் அவருக்கு வேறு குழந்தையே பிறக்கவில்லை. ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவர் பெயரில் இருக்கை இருக்கிறது.

நம்மவர்களுக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை வேண்டும் என்று அமெரிக்காவிலுள்ள இரண்டு தமிழ் டாக்டர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்து ஆரம்பித்து வைத்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் தங்களால் இயன்றதைப் போட்டார்கள். 2018-ல், வேண்டியிருந்த 60 லட்சம் டாலரும் சேர்ந்துவிட்டது.

அதே ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரியில் இன்னோர் இருக்கை இருக்கிறது. பச்சிளங் குழந்தை வைத்தியத்துக்கான அந்தப் பேராசிரியர் பதவிக்கு மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டரம்மாளின் பெயர். இந்த வாரம் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

1927-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தில் பிறந்தவர். அண்டை வீட்டில் எமிலி பேகன் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். அந்த அம்மாள் ஒரு நாள் இந்தச் சிறுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், குறை மாதத்தில் பிறந்த ஒரு சிசுவைக் காட்டினார். அந்தக் காட்சி மனத்தில் தைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி காட்டும் ஒரு வேடிக்கை, ஒரு பெண்ணின் வாழ்க்கையை எங்கே கொண்டு போய் விடுகிறது பாருங்கள்!

1952-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளில் க்ஷயரோகம் வந்து படுக்கையில் தள்ளியது. நுரையீரலைப் பற்றி நினைக்க வேறு காரணமும் வேண்டுமா? குணமானதும் பாஸ்டனுக்குப் போய், ஜெரி மீட் என்பவரோடு மூச்சைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் குறை மாதக் குழந்தைகளை வாரிக் கொண்டு போன ஒரு நோய் இருந்தது. பிறக்கும்போது குழந்தை அழும். கை கால் அசைக்கும். சில மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மார்புக் கூடு உள்ளே உள்ளே இழுக்கும். முனகல் கேட்கும். உடம்பு நீலம் பாரிக்கும். இரண்டு மூன்று நாளில் ஒன்று பிழைக்கும், அல்லது போய்விடும். நுரையீரலில் என்னவோ ஒரு படலம் படர்கிறது, அதுதான் காரணம் என்று வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள்.

ஏவரி, இறந்துபோன குழந்தைகளின் நுரையீரல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். வேறு காரணத்தால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இருந்தது. இந்த நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரை இல்லை!

சகோதரிகளே, இந்த இடத்தில் நம் தமிழை நினைத்துப் பாருங்கள். அந்த உறுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'நுரை'யீரல். ஆட்டு நுரையீரலை அலம்பி அரிகிறவர்களுக்குத் தெரியும், வெட்டிப் பிழிந்தால் நுரைதான் வரும். அந்த நுரை எதனால் வருகிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஏவரி கேட்டார்.

சோப்புத் தண்ணீரை ஊதினால் குமிழி நிற்கிறது. வெறும் தண்ணீரை ஊதினால் நிற்பதில்லை. நனைந்த பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக் கொண்டால் பிரிப்பதற்கு எவ்வளவு பாடு! நுரையீரலின் நுண்ணறைகளும் ஈரமானவை. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஒட்டிக் கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது அங்கே ஊறும் சோப்புப் போன்ற ஒரு வழுவழுப்புப் பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு ஊறுகிறது. முந்திப் பிறந்த குழந்தைக்கு அது இல்லை. அதனால் ஒவ்வொரு மூச்சும் அதற்கு முதல் மூச்சு. ஒவ்வொரு தடவையும் புது பலூனை ஊதுகிற பாடு. ஊதி ஊதிக் களைத்துப் போய்விடுகிறது. படலம் நோய்க்குக் காரணமல்ல; பின்னால் வந்த விளைவு. மீடும் அவரும் இதை 1959-ல் எழுதி வெளியிட்டார்கள்.

'ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல என்பதற்கும் இதுவே காரணம். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏழைவிட எட்டு மேல். எட்டைவிட நிறைமாதம் மேல்.

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து? அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 ஆகஸ்டு 7-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் ஜாக்குலினுக்கும் ஒரு பிள்ளை பிறந்தான். ஐந்தரை வாரம் முந்திவிட்டான். எடை ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம். பாட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். இதே நோய்! பாஸ்டனுக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். உலகத்தில் எந்த வைத்தியரை வேண்டுமானாலும் அழைக்கலாம், எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்ற நிலையிலிருந்த குடும்பம். முப்பத்தொன்பது மணி நேரத்தில் குழந்தை போய்விட்டான்.

பணத்துக்குக் குறைவில்லை, அதிகாரத்துக்குக் குறைவில்லை. இல்லாதது அறிவு ஒன்றுதான். அதை ராத்திரியோடு ராத்திரியாக விலைக்கு வாங்க முடியாது. வருஷக் கணக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'ஏன்? ஏன்?' என்று கேட்டுக் கொண்டிருக்க வேண்டும். 'இந்த மாதம் என்ன லாபம்?' என்று அவரிடம் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும். இருக்கை என்ற தர்மம் எதற்கு என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அறிவு வந்தது. வந்த வழியில் ஓர் ஆடும் உண்டு! நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற பிரசவ வைத்தியர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் செம்மறி ஆடுகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற, மிகவும் முந்திப் பிறந்த ஒரு குட்டி, செத்துப் போயிருக்க வேண்டியது, மூச்சு விட்டுக் கொண்டிருந்தது. அவரும் ஹோவி என்ற குழந்தை வைத்தியரும் தாய்மார்களிடம் அதைச் சோதித்து 1972-ல் பலனை வெளியிட்டார்கள். முந்திப் பிரசவமாகும் என்று தெரிந்தால் தாய்க்கு இன்று போடும் ஊசி அதுதான். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த வழுவழுப்புப் பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக் குழலில் செலுத்திக் காப்பாற்ற வழி காட்டினார். பாட்ரிக் மாதிரியான குழந்தை இன்று நல்ல ஆஸ்பத்திரியில் பிறந்தால் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும்.

ஏவரி 1974-ல் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியரானார்; அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண். 1991-ல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் பெற்றார். 2011 டிசம்பரில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய இருக்கை அதே ஊரில், அதே வேலையைத் தொடர்ந்து கொண்டிருக்கிறது. விளக்கின் மேல் பெயர் எழுதாமல், விளக்கையே எரியவிட்டிருக்கிறார்கள்.

"அதெல்லாம் டாலர் தேசத்துக் கதை, நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் நாட்டிலும் 'ஏன்?' என்று கேட்டவர்கள் உண்டு. பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், ஏழைகளின் பச்சைக் குழந்தைகள் கிருமி தொற்றிச் சாவதைப் பார்த்தார். புட்டிப்பாலை நிறுத்தினார், தாய்ப்பாலே மருந்து என்றார். தாய்க்குப் பால் இல்லாத குழந்தைக்கு இன்னொரு தாயின் பால் கிடைக்கும்படி 1989-ல் தாய்ப்பால் வங்கி ஏற்படுத்தினார். ஆசியாவிலேயே அது முதலாவது. மகாராஷ்டிரத்துக் காட்டுப் பிரதேசமான கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பினார்கள். 39 கிராமங்களில் பிறந்த மாதத்திலேயே சாகும் குழந்தைகள் ஏறத்தாழ 60 சதவிகிதம் குறைந்தன என்று 1999-ல் எழுதினார்கள். கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் அங்கே இல்லை.

அந்த மலைக்கு அருகிலேயே, 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்ணை மறக்கலாமா? கோயிலுக்குக் கொடை கொடுத்த ஆடல் மகளிரின் குலத்தில் வந்தவர் அவருடைய தாயார். மகளோ ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியானார். அவர் பெயரால் தமிழக அரசு 1987-ல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஏழைக் கர்ப்பிணியின் தட்டில் விழும் பழமும் முட்டையும் அவருக்குச் செய்யும் மரியாதை.

2020-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறப்பவை இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. பாதிக்கும் குறைவு என்று சந்தோஷப்படலாம். ஆனால், ஒன்பது என்பது கணக்குப் புத்தகத்துக்குத்தான் சின்ன எண். தொட்டிலை அவிழ்த்து மடித்து வைத்த தாய்க்கு ஒன்றே முழுக் கணக்கு.

முன்பு பெரிய ஆராய்ச்சியாக இருந்தவற்றில் சில இன்று உங்கள் கைக்கு வந்துவிட்டன. குழந்தை பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். உடனே குளிப்பாட்டாதீர்கள், குளிர் பச்சைக் குழந்தைக்கு எமன். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து வையுங்கள். 1978-79-ல் கொலம்பியா தேசத்தில், பெட்டி போதாத ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வைத்தியர்கள் வேறு வழியின்றித் தொடங்கிய முறை இது. 2021-ல் டில்லி உள்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் செய்த சோதனை, பிறந்தவுடனே இப்படி அணைத்தால் சிறு குழந்தைகளின் சாவு கால் பங்கு குறையும் என்று காட்டியது. தாய்க்கு முடியாதபோது பாட்டியோ, அப்பாவோ அணைக்கலாம். பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு சில்லிட்டாலும், நிமிஷத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், மார்பு உள்ளே இழுத்தாலும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவை வீட்டுக் கடமை. இன்னொன்று ஊருக்குச் செய்வது. சஷ்டியப்தபூர்த்தி வருகிறது, பேரன் பிறக்கிறான், பெற்றவர்களின் நினைவு நாள் வருகிறது. கையிலிருப்பதில் ஏதாவது தர்மம் செய்ய நினைக்கிறோம். அப்போது, "இது பல்பா, பேராடா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்றைக்குப் பத்துப் பேருக்குச் சோறு போடுவதும் தர்மம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு குடும்பம், ஒரு மாதர் சங்கம், பழைய மாணவிகள் என்று கூடினால் முதலைத் தொடாத ஒரு நிதி வைக்கலாம். ஹார்வர்டு இருக்கை வேண்டாம். புதுக்கோட்டையில் 2017-லிருந்து ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். அங்கே பச்சிளங் குழந்தை வைத்தியம் படிக்கும் ஒரு டாக்டருக்கு, அல்லது அந்த வார்டில் பயிற்சி பெறும் ஒரு நர்ஸுக்கு, வருஷா வருஷம் உதவும் வட்டி போதும். உங்களைப் பிழைக்க வைத்த மருத்துவச்சியின் பெயரோ, பிரசவம் பார்த்த டாக்டரம்மாளின் பெயரோ அதற்கு வைக்கலாம்.

பெட்டி பழுதாகும், மருந்து தீரும். கற்றுக் கொண்ட நர்ஸ் இன்னொருத்திக்குக் கற்றுக் கொடுப்பாள். அவள் மற்றொருத்திக்கு. மந்தை குறையாது.

அடுத்த முறை குடுமியான்மலைக்குப் போனால் சுவாமியின் குடுமியைத் தரிசித்துவிட்டு, சுவர் ஓரமாகக் கொஞ்சம் நின்று அந்தக் கணக்குகளையும் பாருங்கள். எழுத்துப் புரியாவிட்டால் பாதகமில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் செலவுப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, மேலே 'பேராடு' என்று எழுதி, முதல் பத்து ரூபாயைப் போட்டு வையுங்கள்.